மூச்சடக்கும் திறன் பரம்பரையா, பழக்கமா? பிரித்தறியும் முறை

கடலில் மூச்சடக்கி மூழ்கும் மக்களைப் பற்றிய செய்திகளில், தொடர்ந்து மூழ்கியதால் அவர்களுடைய மரபணுவே மாறிவிட்டது என்னும் பொருள்பட எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் மூழ்கினாலும், கடலுக்கேற்ற மரபணு அவர் பிள்ளைக்கு அதனால் உருவாகிவிடாது. மக்களிடையே ஏற்கெனவே உள்ள மரபணு வேறுபாடுகளுள் ஏதோவொன்று, மூழ்கிப் பிழைப்பவர்களுக்குச் சிறிதளவு அனுகூலம் தந்து, பல தலைமுறைகளில் அவர்களிடையே பெருகுவதே தகவமைப்பு. ஆகவே இத்தகைய செய்தியைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி: அந்தப் பண்பு, அதே இனத்தில் மூழ்காதவர்களிடமும் இருக்கிறதா?

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் பஜாவ் மக்களைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். மரச்சட்டமிட்ட கண்ணாடியும் இடுப்பில் எடையும் மட்டுமே துணையாக 70 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியவர்கள் இவர்கள். மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தினால் எவருக்கும் இதயத் துடிப்பு மெதுவாகும். கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். மண்ணீரலும் சுருங்கி, தான் சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கும். மண்ணீரல் பெரிதாயிருந்தால் கையிருப்பு ஆக்சிஜனும் கூடும் என்பதால், ஆய்வாளர் மெலிசா இலார்டோவின் குழுவினர் அல்ட்ராசவுண்ட் கருவியுடன் அங்கே சென்று அளந்தனர். முடிவுகள் 2018இல் வெளியாயின. கடலோடு அவ்வளவாகத் தொடர்பில்லாத, அருகிலேயே வாழும் சலுவான் மக்களைவிடப் பஜாவ் மக்களின் மண்ணீரல் சுமார் 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. ஒப்பிடுவதற்குப் பக்கத்து ஊராரையே தேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். தொலைதூர நாட்டாரோடு ஒப்பிட்டிருந்தால் வேறுபாட்டுக்கு நூறு காரணம் சொல்லலாம்.

மூழ்குவதைத் தொழிலாகக் கொள்ளாத பஜாவ் மக்களுக்கும் மண்ணீரல் பெரிதாகவே இருந்ததால், பயிற்சியின் விளைவு என்னும் விளக்கம் பெரிதும் தளர்ந்தது. ஆனால் அத்துடன் நின்றுவிடக் கூடாது. உணவோ சிறுவயதுச் சூழலோ இனம் முழுவதற்கும் பொதுவாக இருந்து அதே விளைவைத் தந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் மூன்றாவதாக மரபணுச் சான்றைத் தேட வேண்டும். இலார்டோ குழுவினர் தேடியபோது, தைராய்டு ஹார்மோன் அளவோடு தொடர்புள்ள பிடிஇ10ஏ என்னும் மரபணுவின் ஒரு வடிவம் பஜாவ் மக்களிடையே எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அதை உடையவர்களுக்கு மண்ணீரலும் பெரிதாக இருந்தது. தைராய்டு ஹார்மோன் இல்லாத எலிகளின் மண்ணீரல் மிகவும் சிறுத்திருக்கும் என்பது முன்பே அறியப்பட்டது. அளவு, ஒப்பீடு, மரபணு, அது செயற்படும் வழி ஆகிய நான்கும் இவ்வாறு ஒரே திசையைக் காட்டினால்தான் பரம்பரைத் தகவமைப்பு என்று சொல்ல எனக்குத் துணிவு வரும்.

ஒரே மக்களிடம் பழக்கமும் பரம்பரையும் கலந்திருப்பதும் உண்டு. தென்கொரியாவின் ஜேஜு தீவில் கடற்சிப்பியும் பாசியும் சேகரிக்க மூழ்கும் ஹேன்யோ பெண்களை, அதே தீவின் மூழ்காத பெண்களோடும் சியோல் நகரப் பெண்களோடும் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளிவந்தது. குளிர்நீரில் முகம் அமிழ்த்தியபோது ஹேன்யோ பெண்களின் இதயத் துடிப்பு, மூழ்காத தீவுப் பெண்களைவிட அதிகமாகக் குறைந்தது. இரு குழுவினரும் மரபணுவில் ஒத்தவர்கள் என்பதால் இது பயிற்சியின் பயன். மாறாக, மூழ்கும்போது இரத்த அழுத்தம் மிகையாக உயராமல் காப்பதோடு தொடர்புடைய ஒரு மரபணு வடிவம் தீவுப் பெண்கள் இரு குழுவினரிடமும் சியோல் பெண்களைவிட மிகுதியாக இருந்தது, இது பரம்பரை. பயிற்சி பலன் தருகிறதே என்று எவரும் குளத்திலோ நீச்சல்குளத்திலோ தனியாக மூச்சடக்கிப் பார்க்கக் கூடாது. நீருக்குள் மயக்கம் முன்னறிவிப்பின்றி வரும்.

பரம்பரைபோலத் தோன்றிப் பழக்கமாக முடிந்ததற்கும் உதாரணம் உண்டு. தாய்லாந்துக் கடற்கரையின் மோக்கன் சிறுவர்கள் நீருக்கடியில் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்கு தெளிவாகப் பார்ப்பதை ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் பதிவுசெய்தார். பின்னர் சுவீடன் நாட்டுச் சிறுவர்களுக்கு நீருக்கடியில் பார்க்கப் பயிற்சி அளித்தபோது, அவர்களும் அந்தத் திறனை எட்டிவிட்டார்கள்.