சீனாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது தமிழில் சீனாவைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. பல்லவர், பட்டு, போதிதர்மர் என்று பேச்சு நீண்டது. அந்த ஆர்வம் நல்லது. ஆனால் அதோடு சேர்ந்து பரவிய பிழைகள் இன்றும் காணொளிகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் அப்படியே வருகின்றன. இவற்றில் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இரண்டு நாடுகள் சந்தித்த கதையைச் சொல்லும்போது நடுவில் நின்றவர்களை விட்டுவிடுகிறோம்.

முதலில் பெயர். ஷி ஜின்பிங்கில் 'ஷி' குடும்பப்பெயர், அது முன்னால் வரும். 'ஜின்பிங்' என்று மட்டும் எழுதுவது நம் இன்ஷியல் பழக்கத்தால் வருவது. அங்கே நெருங்கியவர்கள்தான் ஒருவரை அப்படி அழைப்பார்கள். 'அதிபர் ஷி' என்றால் சரி. ஊர்ப்பெயர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. சீனாவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்த ஊர் ஃபூஜியான் மாகாணத்து ச்சுவான்ஜோ. தமிழில் அதைக் 'குவான்சோ' என்று எழுதப்போய், பலர் அதைக் குவாங்ஜோ ஆக்கிவிடுகிறார்கள். குவாங்ஜோ அதற்குத் தென்மேற்கே வெகுதூரத்தில், குவாங்டோங் மாகாணத்தில் இருக்கும் வேறு துறைமுகம்.

அடுத்தது, மதிலுக்குள் அடைந்து கிடந்த நாடு என்ற எண்ணம். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பார்கள், தெரியாது. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமியைச் சுற்றியபோதே அது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். இன்று நாம் படத்தில் பார்க்கும் செங்கல் சுவரும் பெரும்பாலும் மிங் வம்சத்தார் (1368–1644) கட்டியது. அதே மிங் காலத்தில்தான் உலகம் சீனாவுக்குள் வந்து சேர்ந்தது. 1571-ல் ஸ்பானியர்கள் மணிலாவில் காலூன்றிய பிறகு, அமெரிக்கக் கண்டத்துச் சுரங்க வெள்ளி ஃபூஜியான் வணிகர்கள் வழியாகச் சீனாவுக்குள் கொட்டியது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் அந்தக் காலகட்டத்தில் வந்தவைதான். மிளகாய் இல்லாத சிச்சுவான் சமையலை இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது, ஆனால் அதன் காரத்துக்குச் சில நூற்றாண்டு வயதுதான். மிங்குக்குப் பின் வந்த ச்சிங் வம்ச அரசு 1757-ல் ஐரோப்பியக் கப்பல்களைக் குவாங்ஜோவோடு நிறுத்தியது உண்மை. அதற்காக நாடே கதவைச் சாத்திக்கொண்டது என்று எழுதக் கூடாது. தென்கிழக்கு ஆசியாவோடு கடல் வணிகமும் ரஷ்யாவோடு எல்லை வணிகமும் அப்போதும் நடந்தன.

பட்டுப்பாதையைச் சீனாவிலிருந்து ரோமுக்குப் போட்ட ஒரே நெடுஞ்சாலை போல வரைவதும் இதே வகைப் பிழை. அந்தப் பெயரைப் பரப்பியவர் ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்த்ஹோஃபென், ஆண்டு 1877. அந்த வழியில் போனவர்களுக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. சரக்கு ஊருக்கு ஊர் கை மாறிப் போனது. சமர்க்கந்துப் பக்கத்துச் சோக்டிய வணிகர்கள் அதில் பெரும் பங்கு வகித்தார்கள். தாங் வம்சத் தலைநகர் சாங்ஆனில் அவர்களுக்கென்று குடியிருப்புகளே இருந்தன.

பௌத்தமும் இப்படித்தான் போனது. 'இந்தியா கொடுத்தது, சீனா வாங்கியது' என்று ஒரே வரியில் முடிக்கிறோம். அன்றைய தலைநகர் லுவோயாங்குக்குக் கி.பி. 148-ல் வந்து சூத்திரங்களை மொழிபெயர்த்த ஆன் ஷிகாவ் பார்த்தியர், அதாவது ஈரான் பக்கத்துக்காரர். சீனப் பௌத்தம் இன்றும் ஓதும் பல நூல்களை மொழிபெயர்த்த குமாரஜீவர், தக்லமக்கான் பாலைவனத்தின் வடக்கு ஓரத்துக் கூச்சாவில் பிறந்தவர். தந்தை இந்தியர், தாய் கூச்சா இளவரசி. இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தே இருக்காது.

சரி, போதிதர்மருக்கு வருவோம். தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. காஞ்சிப் பல்லவ இளவரசர், சீனாவுக்குப் போனார், ஷாவ்லின் பௌத்த மடத்தில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பதை வரலாறாகவே சொல்கிறோம். அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547-ஐ ஒட்டி யாங் ஷுவான்ஜி எழுதியது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. தான்லின் என்ற துறவியின் குறிப்புதான் தென்னிந்தியர், ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்று சொல்கிறது. காஞ்சியின் பெயரோ பல்லவரின் பெயரோ இரண்டிலும் கிடையாது. ஷாவ்லின் மடமோ 495-ல் பாதுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக வட வெய் வம்சப் பேரரசர் அமைத்தது. போதிதர்மரைத் தற்காப்புக் கலையோடு கோக்கும் நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அவர் தென்னிந்தியராக இருந்திருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. குங்ஃபூ நாம் கொடுத்தது என்று மேடையில் முழங்கினால், அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களின் உழைப்பைப் பறிப்பதாகிவிடும்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, இந்தச் சத்தத்தில் உறுதியான சான்று உள்ளவர்கள் மறைந்துபோவது. காஞ்சியோடு தொடர்புள்ள வஜ்ரபோதி, இலங்கை, ஸ்ரீவிஜயம் (சுமத்ரா) வழியாகக் கடலில் பயணித்து 720-ஐ ஒட்டிச் சீனா சேர்ந்தார். தாந்திரிக பௌத்தம் அங்கே வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர் அவர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ச்சுவான்ஜோ கல்வெட்டையும் அளவோடு படிக்க வேண்டும். 1281-ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உத்தரவு பெற்று அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பியதை அது தமிழில் சொல்கிறது. அப்போது ஆண்டது குப்லாய் கானின் மங்கோலிய அரசு. கோயில் இப்போது இல்லை, ஆனால் அதன் சிற்பங்கள் அந்த ஊர் அருங்காட்சியகத்திலும் கைய்யுவான் பௌத்தக் கோயில் தூண்களிலும் இருக்கின்றன. இதை வைத்துத் தமிழர் சீனாவை ஆண்டதாக எழுதுவது அபத்தம். அதே ஊரில் 1009-ல் கட்டிய மசூதி இருக்கிறது, அரபு எழுத்துக் கல்லறைகள் இருக்கின்றன, சிலுவை பொறித்த கற்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே பாரசீகத்தில் தோன்றிய மானி சமயத்தின் கோயிலும் இருக்கிறது. பல ஊர் வணிகர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த துறைமுகத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். பெருமைப்பட அதுவே போதும்.

மிங் கடற்படைத் தளபதி செங் ஹெயின் கடற்பயணங்களை (1405–1433) எழுதுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது முழுக்க நட்புப் பயணம், இன்னொன்றுக்கு முழுக்க ஆக்கிரமிப்பு. இலங்கையைப் பார்த்தால் இரண்டும் பொருந்தாது. காலி நகரில் 1911-ல் கண்டெடுத்து இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லில் 1409-ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபிலும் காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அந்தக் கரையில் யார் யாரோடு பேச வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது. செங் ஹெயே யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் அதே செங் ஹெதான் 1411-ல் இலங்கை ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

அப்புறம், கடல் கடந்த சீனர்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல தலைமுறையாக வாழும் ஒருவரைச் சீன நாட்டுக்காரர் என்று எழுதுவது, ஈப்போவில் பிறந்த தமிழரை இந்தியக் குடிமகன் என்பதற்குச் சமம். அவர்களின் முன்னோர் பேசியது ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா. இவை பேச்சில் ஒன்றுக்கொன்று புரியாதவை. நம் தள்ளுவண்டிகளில் விற்கும் கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் தொடர்பில்லைதான். அதற்காக அதைப் போலி என்று ஒதுக்கவும் கூடாது. இந்தியச் சீன உணவு என்ற வகையே கொல்கத்தா சீனக் குடும்பங்களின் சமையலில் வளர்ந்தது. அவர்களும் சீனப் பண்பாட்டின் ஒரு கிளைதான்.

கடைசியாக, 'சீனப் பழமொழி' என்ற ஒட்டு. ஒரு படம் பல்லாயிரம் சொற்களுக்குச் சமம் என்பதைச் சீனப் பழமொழி என்று அச்சிட்டுப் பரப்பியவர் 1927-ல் ஓர் அமெரிக்க விளம்பரக்காரர். மீன் கொடுக்காதே, பிடிக்கக் கற்றுக்கொடு என்பதற்கு நெருங்கிய வடிவம் 1880களின் ஓர் ஆங்கில நாவலில் இருக்கிறது. கன்ஃபூசியஸ் பெயரில் சுற்றும் வாசகங்களைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அவர் சொன்னவற்றின் தொகுப்பான 'லுன் யு' இருபது பகுதிகள் கொண்ட சிறிய நூல், தேடுவது கடினமில்லை. எந்தப் பகுதி என்று சொல்ல முடிந்தால் எண்ணோடு போடுங்கள். முடியாவிட்டால் வாசகத்தை மட்டும் எழுதிவிட்டு அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.