பசுமைக் கட்டடக்கலைக்கு வர ஆசையா? முதலில் மண்ணில் கை வையுங்கள்

பி.ஆர்க் எனும் கட்டடக்கலைப் பட்டம் படிக்கிறவர்கள் பலரும் முதலில் கேட்பது எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்றுதான். பசுமைக் கட்டடங்களுக்குத் தரமதிப்பீடு வழங்கும் கிரிஹா, ஐஜிபிசி அமைப்புகளின் தேர்வுகள் நல்லவைதான், ஆலோசனை நிறுவனங்களில் வேலை தேடும்போது கைகொடுக்கும், ஆனால் அவற்றை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதல் விடுமுறையிலேயே மண் கட்டுமானம் கற்றுத்தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் நடத்தும் பயிற்சி ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையே இல்லாமல் கல் செய்வதை அங்கே உங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல், களிமண் மட்டும் ஒரு நாள்கூட எடுத்துக்கொண்டு மெல்லப் படியும். அந்த அடுக்குகளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் கல் அறுக்க அருமையான மண்!

சரி, அடுத்தது கொத்தனார் வேலை. சிக்கன வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) முறையில், செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டுவதால் நடுவில் காற்றிடைவெளி கிடைக்கும், செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். அப்படி நான்கு வரிசை நீங்களே கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வையுங்கள், கணினியில் வரைந்த படங்களுக்கு முன்னாலேயே.