‘புலம்பெயர்வு’ என்று எழுதுமுன்: அரபுக் கவிதை மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவீன அரபுக் கவிதைகளைத் தமிழில் கொண்டுவர முயலும் இளைஞர்கள் சிலர் கடந்த சில மாதங்களாகத் தங்கள் கைப்பிரதிகளை எனக்கு அனுப்பிவருகிறார்கள். உழைப்பும் ஆர்வமும் நிறைந்த அந்தப் பக்கங்களில், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்ப வருவதைக் காண்கிறேன். அகராதியைப் புரட்டித் திருத்திக்கொள்ளக்கூடியவற்றை இங்கே பேசப்போவதில்லை. மொழிபெயர்ப்பவரும் வாசிப்பவரும் அறியாமலே கவிதையை வேறொன்றாக்கிவிடும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

நாடிழப்பு அனைத்துக்கும் ஒரே சொல்

என் முதல் தொகுப்பைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே செய்தேன். மதரஸாவில் ஏழாண்டுகள் அரபி படித்திருந்தும், நவீன கவிதையின் அரபி எனக்குக் கடினமாக இருந்ததால், ஆங்கிலப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, ஐயம் வந்தபோது மட்டும் மூலத்தைப் பார்த்தேன். நாடிழப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்தது. நானும் அதற்கு ஒரே சொல்லை, ‘புலம்பெயர்வு’ என்பதை, தொகுப்பு முழுவதும் வைத்தேன். நூல் வந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மையார், எங்கள் ஆட்களே எழுதியதுபோல் இருக்கிறது என்று கடிதம் எழுதினார். அதைப் பெரும் பாராட்டாகக் கருதி மகிழ்ந்தேன். அவருடைய இரண்டாவது கடிதம் என்னைத் தடுத்து நிறுத்தியது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு நடந்தவர் அவர். தாம் இடம்பெயர்ந்தவரே தவிரப் புலம்பெயர்ந்தவர் அல்லர் என்றும், கனடாவிலிருக்கும் தம் தம்பியே புலம்பெயர்ந்தவர் என்றும் எழுதி, உங்கள் பாலஸ்தீனக் கவிஞர் இவ்விருவரில் யார் என்று கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் மூலத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஆங்கிலம் ஒன்றாக்கியிருந்த இடங்களில் அரபியில் வெவ்வேறு சொற்கள் நின்றன. ‘மன்ஃபா’ என்பது நாடு கடத்தப்பட்டவன் இருக்கும் இடம். மதரஸாவில் இலக்கணம் படித்தவர்களுக்கு எதிர்மறையைக் குறிக்கும் சொல்லாகப் பழக்கமான ‘நஃபி’தான் அதன் வேர். ஒருவனை மறுத்துத் தள்ளிய இடம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘குர்பா’ என்பது அந்நியனாக இருத்தல். அந்நியனைக் குறிக்கும் ‘கரீப்’, மேற்கைக் குறிக்கும் ‘கர்ப்’, சூரியன் மறைவதைக் குறிக்கும் ‘குரூப்’ எல்லாம் அதே வேரிலிருந்து வருபவை. ‘மஹ்ஜர்’ என்பது குடிபெயர்ந்து சென்ற நாடு; 1920இல் நியூயார்க்கில் எழுதுகோல் சங்கத்தை அமைத்த ஜிப்ரானையும் மீகாயீல் நுஐமாவையும் மஹ்ஜர் கவிஞர்கள் என்றே சொல்வார்கள். பாலஸ்தீனர் வழக்கிலோ, இஸ்ரேல் உருவான 1948இல் வெளியேறியவர் ‘லாஜி’, ஆறு நாள் போர் நடந்த 1967இல் வெளியேறியவர் ‘நாஸிஹ்’ என்ற வேறுபாடும் உண்டு.

பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் அக்கா நகருக்குக் கிழக்கே அல்-பிர்வா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1948இல் குடும்பம் லெபனானுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு இரகசியமாகத் திரும்பி வந்தபோது ஊர் இடிக்கப்பட்டிருந்தது. இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டு இல்லாதோர் சொத்துச் சட்டத்தின்கீழ், நாட்டுக்குள் உடலோடு இருந்துகொண்டே ‘இல்லாதோர்’ எனக் கணக்கிடப்பட்டவர்களில் அவர்களும் சேர்ந்தார்கள். அரபியில் அவர்களை ‘ஹாளிர் காயிப்’ என்பார்கள், இருந்தும் இல்லாதவர். 1966 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் பக்கத்து நகருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் நாட்டை விட்டுப் போனது 1970இல்தான். மாஸ்கோ, கெய்ரோ, பெய்ரூட், துனிஸ், பாரிஸ் எல்லாம் அதற்குப் பின். ஆனால் அவருடைய நாடிழப்பு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது, சொந்த ஊருக்குச் சில மைல் தொலைவிலேயே. அந்த இளமைக்காலக் கவிதைகளில் நான் ‘புலம்பெயர்வு’ என்று எழுதியிருந்தேன். எங்கும் போகாத மனிதரைப் போனவர் என்று அச்சிட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கங்களைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை. இரண்டாம் பதிப்பை என் செலவிலேயே திருத்திக் கொண்டுவந்தேன். முதல் பதிப்பை வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை.

ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அஸ்-ஸய்யாப் கதை வேறு. பஸ்ராவுக்கு அருகே ஜைகூரில் பிறந்த அவர், அரசியல் காரணங்களால் ஈராக்கை விட்டு ஓடி, 1953இல் குவைத் கடற்கரையில் நின்று எழுதிய கவிதையின் தலைப்பிலேயே ‘கரீப்’ என்ற சொல் இருக்கிறது. அங்கிருந்து ஈராக் அதிகத் தொலைவில்லை. இருந்தும் திரும்பிப் போகக் கையில் காசில்லை. கப்பல்கள் கட்டணம் கேட்காமல் இருக்கக்கூடாதா என்று அந்தக் கவிதை ஏங்குகிறது. பின்னர் நான் குவைத்தில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த எகிப்தியர்கள் தங்கள் வாழ்க்கையைக் ‘குர்பா’ என்றே சொல்வதை அன்றாடம் கேட்டேன். எங்கள் ஊரில் என்னைச் சபராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவன், என்பார்கள். அரபியில் ‘ஸஃபர்’ வெறும் பயணம்தான். ஊரிலிருந்து பார்க்கிறவருக்கு அது பயணம், அங்கே அறையில் படுத்திருப்பவருக்குக் குர்பா. ஸய்யாபை அங்கிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். மஹ்ஜருக்குப் புலம்பெயர்வு பொருந்துகிறது. நாஸிஹுக்கு இடம்பெயர்ந்தோர், லாஜிக்கு அகதி. மன்ஃபாவைச் சுருக்க முயலாமல், நாடு கடத்தப்பட்ட இடம் என்று நீட்டியே எழுதுகிறேன். குர்பாவுக்குத்தான் இன்னும் தடுமாறுகிறேன். ‘புலம்பே தனிமை’ என்ற தொல்காப்பிய நூற்பாவை நம்பிப் ‘புலம்பு’ என்று ஒருமுறை வைத்துப் பார்த்தேன். இன்றைய வாசகருக்கு அது அரற்றலாகவே கேட்கிறது. ‘அந்நியம்’ என்பதே இப்போதைக்கு நிற்கிறது.

‘சுதந்திரக் கவிதை’ என்றதும் யாப்பைக் கைவிடுதல்

1947இல் நாஸிக் அல்-மலாயிகாவும் ஸய்யாபும் தொடங்கிவைத்த வடிவத்துக்கு அரபியில் ‘ஷிஃர் ஹுர்’, அதாவது சுதந்திரக் கவிதை என்று பெயர். பெயரைப் பார்த்துவிட்டு அதைப் புதுக்கவிதை என்று எடுத்துக்கொண்டு, உரைநடையை மடக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கவிஞர்கள் விட்டது இரு பாதிகள் கொண்ட அடியையும் ஒரே இயைபையும்தான். ஒரே சீர் திரும்பத் திரும்ப வரும். அடிக்கு எத்தனை சீர் என்பது மட்டும் மாறும். நம் யாப்பில் நடுவே அடிகள் குறுகி வரும் இணைக்குறள் ஆசிரியப்பாவை நினைத்துக்கொண்டால், புதுக்கவிதையைவிட அது இதற்கு நெருக்கமானது. ஸய்யாபின் மழைப்பாட்டில் மழையைக் குறிக்கும் ‘மதர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப விழுவது ரஜஸ் என்னும் அரபுச் சந்தத்தின்மேல்தான். யாப்பையே விட்ட அரபுக் கவிதை வேறு. முஹம்மது அல்-மாகூத், உன்ஸீ அல்-ஹாஜ் போன்றோரின் உரைநடைக் கவிதை அது. ஒரு கவிஞரை எடுக்கும்போது அவர் இவ்விரண்டில் எதை எழுதினார் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதிகாரியிடம் மரியாதை காட்டுதல்

தர்வீஷின் அடையாள அட்டைக் கவிதை ‘ஸஜ்ஜில்’ என்று தொடங்குகிறது. பதிவு செய்யும் அலுவலரை நோக்கிய ஒருமை ஏவல் அது. ‘எழுதிக்கொள்’ என்பதே சரி. ‘எழுதிக்கொள்ளுங்கள்’ என்றால் கவிதை விண்ணப்பமாகிவிடும்.

எல்லாரையும் ஒரே மதத்துக்குள் நிறுத்துதல்

மதரஸா வழியாக வந்தவர்கள் என்னைப்போலவே இதில் விழுகிறார்கள். ஸய்யாப் சிலுவையேற்றத்துக்குப் பின்னான கிறிஸ்துவின் குரலில் எழுதினார்; பழைய மெசபடோமியாவின் தம்மூஸ் தெய்வத்தை அழைத்தார். அவற்றைத் தமிழ் முஸ்லிம் வழக்குச் சொற்களில் பெயர்க்காதீர்கள்.

அடிக்குறிப்பைக் கவிதைக்குள் நுழைத்தல்

கூடாது.

‘பைத்’ வரும் இடத்தில் வேகமாகக் கடந்துபோதல்

அரபியில் ‘பைத்’ என்றால் வீடு. செய்யுளின் அடிக்கும் அதே பெயர். அடியின் இரு பாதிகள் கதவின் இரு இலைகளைக் குறிக்கும் சொல்லால் வழங்குகின்றன. எட்டாம் நூற்றாண்டில் யாப்பை வகுத்த கலீல், அசைகளுக்குக் கயிறு, முளை என்று கூடாரத்தின் உறுப்புகளையே பெயராக வைத்தார். வீடிழந்தவன் அடி எழுதுகிறான் என்ற செய்தி, அரபியில் ஒரே சொல்லுக்குள் இவ்வாறு அடங்கிவிடுகிறது. தமிழில் ‘அடி’க்குள் காலடி கேட்கும், வீடு கேட்காது. ‘வீடு’ என்றாலோ பற்றற்ற நிலை என்ற பொருளும் உடன் எழுந்துவிடும். அதனால் இத்தகைய வரிகளில் வீடு, அடி என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஓர் அடி கூடினாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். சென்ற வாரம் வந்த கைப்பிரதி ஒன்றில் அந்த இடத்தில் ‘வரி’ என்று மட்டும் இருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.