பெங்களூரில் சிறிய கார் வாங்குமுன்: புதியதும் பழையதும்

கார் வாங்கப்போகிறேன் என்று நம்மவர் ஒருவரிடம் சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதாகவே இருக்கும். கேள்வியில் தவறில்லை, ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்தான் பெங்களூருக்குப் பொருந்துவதில்லை. மாருதி வேகன்-ஆர் 1.0 லிட்டர் மேனுவல் காருக்கு வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றளித்திருக்கும் அளவு லிட்டருக்கு 24.35 கி.மீ. ஆகும். அது ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி, வகுத்துக்கொண்ட ஒரு வேகச் சுழற்சியில் எடுக்கப்படும் கணக்கு. நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆகிறது என்று 2022ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்து நெரிசல் குறியீட்டில் உலகிலேயே இரண்டாம் இடம் பிடித்த ஊர் இது. சில்க் போர்டு சந்திப்பிலும் கே.ஆர். புரம் பாலத்தடியிலும் ஏ.சி. போட்டுக்கொண்டு முதல் கியரில் ஊரும் எந்தச் சிறிய காரும் 14, 15 கி.மீ.யைத் தாண்டுவது என் அனுபவத்தில் அரிது.

ஆகவே முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுபவர், லிட்டர் 103 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 கி.மீ. கொடுக்கும் காருக்கு 51,500 ரூபாயும் 16 கி.மீ. கொடுக்கும் காருக்கு ஏறத்தாழ 64,400 ரூபாயும் செலவிடுவார். வித்தியாசம் மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். அதே நேரத்தில், காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணையின்படி ஒரு காரின் மதிப்பு, ஓராண்டைத் தாண்டினால் 20 சதவீதமும், இரண்டாண்டைத் தாண்டினால் 30 சதவீதமும், மூன்றாண்டைத் தாண்டினால் 40 சதவீதமும் குறைத்தே கணக்கிடப்படுகிறது. ஏழு லட்ச ரூபாய்க் காரில் 30 சதவீதம் என்றால் 2,10,000 ரூபாய். மைலேஜுக்காக மாடல் மாடலாக அலைபவர்கள் இந்தத் தொகையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதை முடிவு செய்யாதவரை, எது சிக்கனம் என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எட்டு, பத்து ஆண்டுகள் ஓட்டுவதானால் புதிய கார் நியாயமானது. மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றும் எண்ணமிருந்தால் மூன்றாண்டு வயதான காரே கைக்கு அடக்கம்.

விலையை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டிய புது விஷயம் ஒன்று உண்டு. நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் இருந்த நிலை மாறி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு வாங்கிய கார்களை விற்பவர்கள், தாங்கள் அன்று கொடுத்த தொகையிலிருந்து கழித்து விலை சொல்கிறார்கள். அந்தத் தொகை உங்களுக்குத் தேவையே இல்லை. அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு, அதிலிருந்துதான் கீழே இறங்க வேண்டும்.

தமிழ்நாட்டு நம்பர் என்னும் சபலம்

பெங்களூரில் வசிக்கும் தமிழர்களுக்கே உரிய ஒரு சபலம், ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வண்டி எடுத்துவிடலாம் என்பது. கர்நாடகத்தின் ஆயுள் வரி நாட்டிலேயே கனமானவற்றுள் ஒன்று. ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 14 சதவீதம், அதன்மேல் செஸ். ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டுமே 84,000 ரூபாய் ஆகிவிடும். தமிழ்நாட்டில் பத்து லட்சம் வரை 10 சதவீதமாக இருந்த காலத்தில் இந்தக் கணக்கு இனித்தது. 2023 நவம்பரில் அங்கேயும் விகிதம் உயர்ந்து, ஐந்து முதல் பத்து லட்சத்துக்கு 13 சதவீதம் ஆகிவிட்ட பிறகு, மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

பழைய காருக்கோ நிலைமை இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி, அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற ஒரு தனி அலைச்சல் என்று வரிசையாக வரும். என் மைத்துனர் சேலத்துக் கார் ஒன்றை 40,000 ரூபாய் மலிவு என்று வாங்கி, மறுபதிவு முடிந்தபோது அதைவிட அதிகம் செலவழித்திருந்தார். டெல்லிப் பதிவெண் கொண்ட டீசல் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் வண்டியின் குணமன்று. அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளின்மேல் வந்த கட்டுப்பாடே அவற்றைத் தெற்கே தள்ளியது. கூட்டிக்கழித்துப் பார்த்தால், கே.ஏ. பதிவெண்ணும் ஒரே ஓனரும் கொண்ட கார் சற்றே விலை கூடினாலும் லாபம் என்பது என் கருத்து.

பழைய காரைப் பார்க்கும் முறை

பார்க்கப் போவதாகச் சொல்லும்போதே, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். போனதும் முதல் வேலை பானட்டைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், எதையோ மறைக்க எஞ்சினை ஓடவிட்டிருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் முதல் முறுக்கிலேயே எழ வேண்டும். அப்போது சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; வெண்புகை நில்லாமல், இனித்த வாடையோடு வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு இருந்தாலும் அதே சந்தேகம்தான். மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் நின்ற நிலையில் சற்று அதிரும், அது இயல்பு. அதிர்வு விட்டுவிட்டு வந்தால் இயல்பன்று.

அடுத்தது தண்ணீர். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், மகாதேவபுரா, சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் அடுக்ககங்களின் அடித்தளங்களில் நின்ற கார்கள் மூழ்கின. சென்னையில் 2015லும் 2023 டிசம்பரிலும் மூழ்கியவை கணக்கிலடங்கா. அவற்றில் பல துடைத்து, மெருகேற்றி, வாசனைத் திரவியம் தெளித்துச் சந்தைக்கு வந்திருக்கின்றன. முன் இருக்கையின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளின் உட்பகுதியில் சேற்றுக் கறை நின்றிருப்பது தெரியும். அதை யாரும் கழுவுவதில்லை. இருக்கைகளின் அடியிலுள்ள தண்டவாளங்களில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், கால் மிதியடிக்குக் கீழே கம்பளத்தின் ஈர வாடை, முகப்பு விளக்குக்குள் ஆவி படிந்த தடம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்து தென்பட்டால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். நனைந்த வயரிங் இரண்டு ஆண்டு கழித்தும் தொல்லை கொடுக்கும். எந்த விலைக்கும் அது சிக்கனமாகாது.

விபத்தில் அடிபட்டதா என்பதை வெளிப் பளபளப்பைக் கொண்டு அறிய முடியாது. பம்பரில் கீறல், கதவில் ஒரு நெளிவு எல்லாம் பெங்களூரில் ஓடிய வண்டிக்குப் பிறவி மச்சம் மாதிரி. அவை இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பார்க்க வேண்டியது எலும்புக்கூட்டை. பானட்டைத் திறந்து, அதன் கீல்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறதா, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் நேராக இருக்கிறதா என்று கவனியுங்கள். கதவுகளின் ரப்பர் பட்டையைச் சற்றே விலக்கினால், தொழிற்சாலையில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகத் தெரியும்; அவை மறைந்து மொழுமொழுவென்று இருந்தால் அங்கே டிங்கரிங் நடந்து, பட்டி பூசியிருக்கிறார்கள்.

ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் வேலை மிகப் பழையது. டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அது இன்னும் எளிதாகிவிட்டது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 2019 மாடல் கார், மீட்டரில் 28,000 கி.மீ., ஆனால் நான்கு டயர்களும் 2023இல் செய்தவை என்றால், முதல் செட் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பரும், வழவழப்பான ஸ்டியரிங்கும், அமுங்கிய ஓட்டுநர் இருக்கையும் மீட்டரைவிட உண்மை பேசுபவை. உரிமையாளரின் சம்மதத்தோடு, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் விவரமும் அப்போதைய கிலோமீட்டரும் கிடைக்கும்.

கிளட்ச்தான் இந்த ஊரில் முதலில் உயிரை விடும் உறுப்பு. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, மூன்றாம் கியரில் வைத்து, கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டே ஓடினால் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஒரு முறைக்கு மேல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. கார்களிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். காலுக்கு ஓய்வு கிடைக்கிறதே தவிர, நெரிசலில் தேய்மானம் நிற்பதில்லை. ஊர்ந்து செல்லும்போது உதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் ஆள் காட்டும் அகலமான சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டுவது சோதனையாகாது. வீட்டில் உள்ள நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, உங்கள் அடுக்ககத்தின் அடித்தள நிறுத்தத்திலிருந்து சரிவில் மேலேறிப் பாருங்கள். ஒரு லிட்டர் எஞ்சின்கள் பல அங்கேதான் மூச்சு வாங்கும். அதே சுமையோடு, உங்கள் தெருவின் மிக உயர்ந்த வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்; விளம்பரத்தில் உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸ் ஆள் ஏறாத வண்டிக்குரியது. சிவாஜிநகர், அல்சூர் சந்துகளில் புழங்குபவர்களுக்குத் திருப்பும் ஆரம் முக்கியம். ஆல்டோ கே10க்கு 4.5 மீட்டரும் வேகன்-ஆருக்கு 4.7 மீட்டரும் என்பதில் உள்ள வித்தியாசத்தை முட்டுச் சந்தில் உணரலாம்.

விடுமுறைதோறும் சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயை நினைத்துக்கொள்ள வேண்டும். போகும்போது இறக்கத்தில் பிரேக்கும், திரும்பும்போது ஏற்றத்தில் எஞ்சினும் சோதிக்கப்படும் இடம் அது. அங்கேதான் பாதுகாப்புத் தரமும் நினைவுக்கு வரும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் டாடா டியாகோ 2020இல் நான்கு நட்சத்திரமும் வேகன்-ஆர் 2023இல் ஒரு நட்சத்திரமும் பெற்றன. பழைய கார் வாங்குகிறவர்கள் தேதிகளைக் கவனிக்க வேண்டும்: எல்லாப் புதிய கார்களிலும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட்டுகளில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அத்தகைய காரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பல 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்படாதவை என்பதால், எரிபொருள் குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

சி.என்.ஜி. பற்றிச் சுருக்கமாக: ஓட்டச் செலவு குறையும், டிக்கி பெரும்பாலும் போய்விடும். பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போகிறவர் இரண்டையும் எடை போட வேண்டும். பழைய காரில் வெளியே பொருத்திய கிட் என்றால், அது ஆர்.சி.யில் ஏற்றப்பட்டிருக்கிறதா, சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கைமாறும் முன்

புதிய காராக இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே யார்டுக்குப் போய், உங்களுக்கென ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண், தயாரித்த மாதம், டயர் தேதி, மீட்டர் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். பதிவான பிறகு குறை சொன்னால் கேட்பாரில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். காப்பீட்டை வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்ன மாத்திரத்தில் ஷோரூமில் சொன்ன காப்பீட்டுத் தொகையும் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய காருக்கு, ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். இருந்தால் வங்கியின் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான 35ஆம் படிவமும் வராமல் முழுப்பணம் தரக்கூடாது. நிலுவையில் உள்ள அபராதங்களைப் பெங்களூரு போக்குவரத்துக் காவல் துறையின் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொண்டு பார்க்கலாம். சிக்னல் தாண்டியது போன்றவற்றுக்குச் சேர்ந்த பழைய பட்டியல் நீளமாக இருந்தால், கார் எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கும் அதுவே சான்று. (ஹெல்மெட் அபராதம் காரின் எண்ணில் இருந்தால், போலி எண்ணோ கேமராவின் குழப்பமோ என்று விசாரிக்க வேண்டும்.) இழப்பீடு கேட்காதவருக்குக் காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்பவரிடமிருந்து உங்களுக்கு வராது, அது ஆளுக்குரியது. ஆனால் காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையொப்பம் வாங்கும் அன்றே இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பணத்தை மட்டும் நிறுத்தி வைத்து, ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறியதைச் செயலியில் பார்த்த பிறகு கொடுக்கலாம்.