புதுக் கிளி வந்திருக்கா? முதல் வாரம் கொஞ்சம் பொறுமை

காக்கடீல் என்ற கொண்டை வைத்த வெளிநாட்டுக் கிளியை வாங்கி வந்த அன்றே கையில் ஏற்றிக் கொஞ்ச ஆசையாகத்தான் இருக்கும். (நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.) முதல் மூன்று நாலு நாள் தீனியும் தண்ணீரும் மாற்ற மட்டும் கூண்டுக்குள் கை போகட்டும். கடையில் தின்ற அதே தீனியையே போடுங்கள். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி, கூடத்தில் இருக்கட்டும். அடுக்களையில் மட்டும் வேண்டாம். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்து வரும் புகை கிளியின் உயிரையே எடுத்துவிடும்.

அப்புறம் சத்தங்கள். கொண்டையைத் தலையோடு படிய வைத்துப் பாம்பு மாதிரி சீறினால், ‘கிட்டே வராதே’ என்று பொருள். கையை எடுத்துவிடுங்கள். தூங்கப் போகும்முன் அலகை நறநறவென்று அரைக்கும். முதல் தடவை கேட்கும்போது நான் பயந்தே போனேன். அது நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அறையை விட்டுப் போனதும் ஓயாமல் கத்துகிறதா? கூட்டமாக வாழும் பறவை, உங்களைத் தேடுகிறது. அதட்டாமல் பக்கத்து அறையிலிருந்து ஒரு சீட்டி அடியுங்கள்.

நடுராத்திரியில் திடீரென்று படபடத்து மோதிக்கொள்வதும் காக்கடீலுக்குச் சகஜம். சின்ன இரவு விளக்கு ஒன்று போட்டுவையுங்கள். ஆனால் பகலிலும் சிறகை உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் காத்திருக்க வேண்டாம். அன்றே பறவைகள் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.