அம்மா ஏ, அப்பா பி, பிள்ளை ஓ: நான்கு கட்டத்தில் கணக்கு

என் சித்தி மகளை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஏ பாசிட்டிவ், வீட்டுக்காரருக்கு பி பாசிட்டிவ். பள்ளிக்கூட அடையாள அட்டைக்காகப் பையனுக்கு ரத்தம் பார்த்தால் ஓ பாசிட்டிவ். "ரெண்டு பேருக்கும் இல்லாத குரூப் எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்று மாமியார் கேட்டுவிட்டார். தங்கச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆளுக்கு இரண்டு எழுத்து

ரத்த குரூப்புக்கான மரபணு நம்மிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. ஏ, பி, ஓ என அதில் மூன்று வகை. ஏயும் பியும் சேர்ந்தால் இரண்டுமே வெளியே தெரியும், அதுதான் ஏபி. ஓ மட்டும், பக்கத்தில் ஏயோ பியோ இருந்தால் மறைந்துகொள்ளும். அதனால் ஏ குரூப்காரர் ஏஏ ஆகவும் இருக்கலாம், ஏஓ ஆகவும் இருக்கலாம். லேபில் இரண்டுக்கும் ஏ என்றுதான் எழுதித் தருவார்கள். ஓ குரூப் என்றால் ஓஓ.

படி 2: கட்டம் போடுங்கள்

ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம் வேண்டும், இதற்கு நான்கு போதும். மேலே அம்மாவின் ஏ, ஓ. இடப்பக்கம் அப்பாவின் பி, ஓ. ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். "அத்தை, நீங்களே எழுதுங்க" என்று பேனாவை மாமியாரிடம் கொடுத்தேன். முதல் வரிசையில் ஏபி, பிஓ. அடுத்த வரிசையில் ஏஓ, கடைசியாக ஓஓ. அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. அவர் பேரன் அங்கேதான் இருந்தான். பையன் ஓ என்பதே, பெற்ற இருவரிடமும் ஓ மறைந்திருந்ததற்குச் சாட்சி.

இப்போது அம்மா ஏபி, அப்பா ஓ என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஏ அல்லது பி. பெற்றோரின் குரூப் ஒருவருக்கும் வராது.

படி 3: பாசிட்டிவ், நெகட்டிவ்

இங்கே மறைவது நெகட்டிவ். பாசிட்டிவ் தம்பதிக்கு நெகட்டிவ் பிள்ளை பிறக்கலாம். ஒரே குரூப் என்று சொல்லி வரனைத் தட்டிக்கழிப்பதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அக்கா மகள், மாமன் மகன் கட்டுவதில் உள்ள ஆபத்து வேறு. அது ரத்த குரூப்பால் வருவதில்லை.

கவனிக்க வேண்டியது, மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்ற ஜோடியை. முதல் பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தில் அதன் ரத்தம் தாயோடு கலந்து, தாயின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கலாம். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அது அதன் சிவப்பணுக்களை அழிக்கும். 28ஆம் வாரத்தில் ஒன்றும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்றும் போடும் ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. கல்யாணத்தைத் தடுக்க வேண்டியதில்லை, டாக்டரிடம் முன்னதாகவே சொன்னால் சரி.

படி 4: யார் யாருக்குக் கொடுக்கலாம்

ஏ குரூப் ரத்தத்தில் பியைத் தாக்கும் பொருளும், பியில் ஏயைத் தாக்கும் பொருளும், ஓவில் இரண்டும் இருக்கும். ஏபியில் எதுவும் இல்லை. அதனால் ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை ஏறக்குறைய யாருக்கும் ஏற்றலாம். ஏபி பாசிட்டிவ்காரர் யாரிடமும் வாங்கலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுக்கு இது தலைகீழ். எங்கள் பையனுக்கு அம்மா, அப்பா இருவர் ரத்தமுமே சேராது. பெற்ற ரத்தம் எப்படிச் சேராமல் போகும் என்று அத்தை கேட்டார். சேராது, ஓ மட்டும்தான் சேரும். குரூப் ஒன்றாக இருந்தாலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ வேறு எதுவோ, கிராஸ் மேட்சிங் (இருவர் ரத்தத்தையும் கலந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை) பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

1952இல் பம்பாயில் கண்டறிந்த 'பாம்பே குரூப்' மிக அரிது. சாதாரணச் சோதனையில் ஓ என்று காட்டும், உள்ளே ஏயோ பியோ ஒளிந்திருக்கலாம். அவர்களுக்கு அதே வகை ரத்தம் மட்டுமே சேரும். பெற்றோரில் ஒருவர் அப்படி என்றால் நம் கட்டமும் பொய்க்கும். கணக்கு ஒத்துவராத வீட்டில், வாயைத் திறக்கும் முன் எல்லோருக்கும் ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.