வீட்டில் பழைய மெடிகேர் அட்டை கிடக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டென்றால், அவர்களுடைய பர்ஸையும் மேசை இழுப்பறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2018க்கு முன் வந்த அட்டைகளில் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே (அமெரிக்க அரசு தரும் தனிநபர் அடையாள எண்) அச்சாகியிருக்கும். கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். கணவரின் கணக்கில் மெடிகேர் பெற்ற மனைவியின் அட்டையில் இருப்பது கணவரின் எண். அவர் காலமாகியிருந்தாலும் அந்த எண்ணை வைத்து மோசடி செய்ய முடியும்.

2018 ஏப்ரலிலிருந்து, எழுத்தும் எண்ணும் கலந்த 11 இலக்கப் புது எண்ணோடு அட்டை அனுப்பினார்கள். பழையதற்கு இனி வேலை இல்லை. ஆனால் பெரியவர்கள் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். அப்பாவின் பழைய அட்டை, லேமினேட் செய்தபடியே, மருந்துச் சீட்டுகளோடு ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. எண்ணின் குறுக்கே பல இடங்களில் கத்தரித்து, துண்டுகளை வேறுவேறு நாள் குப்பையில் போட்டோம். போட்டோகாப்பி எடுத்து வைத்திருப்பார்கள், அதையும் தேடுங்கள்.

அப்புறம், புது எண்ணையும் கண்டவரிடம் சொல்லக் கூடாது. "பிளாஸ்டிக் அட்டை அனுப்புகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடச் சொல்லுங்கள். உண்மையான மெடிகேர் அட்டை காகிதத்தில்தான் வரும். சந்தேகம் இருந்தால் நாமே 1-800-633-4227க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.